இருபது ஓடருக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: இலங்கையின் மருதமுனை நெசவாளர்களிடம் சாரனும் கைத்தறிச் சேலையும் எடுத்து இணையத்தில் விற்கிறோம். நான்கு பேர் வேலை செய்கிறோம். நாளுக்கு 20 ஓடர் வரை வரும். எல்லாம் வட்ஸ்அப்பிலும் ஒரு கொப்பியிலும்தான். சில பார்சல் இரண்டு தரம் போய்விடுகிறது, சிலது போவதேயில்லை. மாதம் 40 டொலருக்கு ஒரு மென்பொருள் இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒருவர் வட்ஸ்அப்பைப் பார்த்துப் பார்சல் கட்டுகிறார், மற்றவர் கொப்பியைப் பார்த்துக் கட்டுகிறார். இரண்டும் ஒரே ஓடர்தான் என்று காட்ட ஓர் இலக்கம் இல்லை. அதனால்தான் இரட்டைப் பார்சல். விலை கூடிய மென்பொருளுக்குள்ளும் இதே குழப்பம் கூடவே வரும்.

இலவசமான கூகுள் ஷீட் (நிரல், வரி போட்டு எழுதும் இணைய அட்டவணை) போதும். கணக்கை வியாபாரத்தின் பெயரில் திறவுங்கள். வேலைக்கு நிற்பவரின் சொந்த ஈமெயிலில் திறந்தால், அவர் விலகும் நாளில் ஷீட்டும் அவரோடு போய்விடும். ஓடர் இலக்கம், திகதி, பெயர், தொலைபேசி, முகவரி, பொருள், எண்ணிக்கை, தொகை, நிலை, கூரியர் இலக்கம், கூரியர் தந்த பணம்: இந்தப் பதினொரு நிரல்கள். ஒருவர் இரண்டு சாரனும் ஒரு சேலையும் கேட்டால் ஒரே இலக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். ஒரே வரியில் திணித்தால் பிறகு இருப்பைக் கணக்கிட முடியாது. ‘நிலை’யைக் கையால் எழுத விடாமல், தெரிவுப் பட்டியலாகப் போடுங்கள். ஒருவர் ‘அனுப்பியாச்சு’ என்றும் மற்றவர் ‘அனுப்பினோம்’ என்றும் எழுதினால் எத்தனை போனது என்று எண்ணவே முடியாது.

தொலைபேசி நிரலில்தான் பலர் வழுக்குகிறார்கள். 077 என்று தொடங்கும் எண்ணை ஷீட் வெறும் எண்ணாக எடுத்து, முன்னால் உள்ள சைபரை விழுங்கிவிடும். 10 இலக்கம் 9 ஆகும். அதை அப்படியே பார்சலில் ஒட்டினால் கூரியர்காரர் அழைப்பு எடுக்க முடியாமல் திண்டாடுவார், பார்சல் திரும்பி வரும். எழுதத் தொடங்கும் முன்பே அந்த நிரல் முழுவதையும் ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’ (வெறும் எழுத்து) ஆக மாற்றுங்கள். திகதியிலும் கவனம்: மாதம் முன்னால் வரும் அமெரிக்க முறையில் இருந்தால், 3/4 என்று நீங்கள் எழுதும் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். செட்டிங்ஸில் ‘லொகேல்’ (எந்த நாட்டு முறை) என்பதை யுனைட்டட் கிங்டம் என்று வையுங்கள்.

கடைசி நிரல், பொருள் கையில் கிடைத்த பிறகு பணம் தரும் ஓடர்களுக்கு. வாரம் ஒரு நாள், ‘நிலை’யில் ‘கிடைத்தது’ என்று இருந்தும் பணம் வராத வரிகளை வடிகட்டிப் பாருங்கள். கூரியரிடம் நிற்கும் பணம் கண்முன் வரும். கொப்பியில் இது மறைந்தே கிடக்கும்.

வட்ஸ்அப் பிஸ்னஸில் எல்லோரும் ஒரே எண்ணைப் பாவியுங்கள். முதன்மை போனைத் தவிர இன்னும் 4 கருவிகள் வரை இணைக்கலாம். இரு படிச் சரிபார்ப்பின் 6 இலக்கப் பின் எண்ணைக் கட்டாயம் போடுங்கள். எண் பறிபோனால் கடையே போன மாதிரி. ஓடர் இலக்கம் கொடுத்த பிறகே வாடிக்கையாளருக்கு ‘சரி’ சொல்லுங்கள்.

டொலர் கட்டணத்தைப் பற்றி ஒன்று. 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதாவது 40 டொலர் 8,000இலிருந்து 14,400 ரூபாய். உங்கள் வருமானமோ ரூபாயில்.

இரண்டாவது களஞ்சியம் திறந்தால், அல்லது ஒருவர் நாள் முழுக்கப் பதிவு மட்டுமே செய்யும் நிலை வந்தால் மென்பொருளைத் தேடுங்கள். அப்போதும் ஒரு வார உண்மையான ஓடர்களை அதில் போட்டுப் பார்த்து, எல்லாத் தரவையும் சீ.எஸ்.வீ கோப்பாக (ஷீட்டிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதித்த பிறகே பணம் கட்டுங்கள்.