ஜோக் அருவியையும் பெங்களூரையும் ஒரே பயணத்தில் பார்ப்பது எப்படி?

மணமாகிச் சில மாதங்களே ஆன நீங்கள் இருவரும் ஜோக் அருவியையும் பெங்களூரையும் சேர்த்துப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக பெங்களூரின் அல்சூர் பகுதியில் வசிப்பவன் என்ற முறையில், அருவியை வைத்தே தேதியைக் குறியுங்கள் என்பேன். ஷராவதி ஆறு 253 மீட்டர் உயரத்திலிருந்து ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என நான்கு பிரிவுகளாக விழுந்தாலும், மேலே லிங்கனமக்கி அணை நீரைத் தேக்கிக்கொள்வதால், கோடையில் வருவோர் பெரும்பாலும் கரும்பாறையில் மெல்லிய வெள்ளிக்கோடுகளையே காண்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களே சிறந்தவை. மூடுபனி சட்டென்று பள்ளத்தாக்கை மறைத்துவிடும் என்பதால், அங்கே ஓர் இரவாவது தங்குங்கள். போன வேகத்தில் திரும்புவது பெரிய இழப்பு.

பெங்களூரிலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் தாளகுப்பாவில் இறங்கலாம்; அங்கிருந்து அருவி அருகில்தான்.

நகரத்துக்கு இரண்டு நாள் போதும். ஆகஸ்டில் வந்தால் லால்பாக் தாவரவியல் பூங்காவில் சுதந்திர தின மலர்க் கண்காட்சியையும், சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான பாறையையும் பார்க்கலாம், மெட்ரோவிலேயே சென்றுவரலாம்.