வெப்சைட் கேள்வி-பதில்: பழைய பக்கங்களைத் தொலைத்துவிட்டுத் தேடாதீர்கள்

கே: எங்கள் கம்பெனி வெப்சைட் கூகுளில் வருவதே இல்லை. என்ன செய்வது?

தளத்தின் முகவரி இல்லை. என்ன தொழில், எந்தச் சொல்லுக்கு வரவில்லை, எப்போதிலிருந்து வரவில்லை என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஒன்றுதான் சொல்ல முடியும். கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து, மேலே உள்ள பெட்டியில் உங்கள் முகப்புப் பக்கத்தின் முகவரியைப் போடுங்கள். இண்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், இல்லை என்று வந்தால் காரணமும் அங்கேயே இருக்கும். தளம் கட்டும்போது ‘பட்டியலில் சேர்க்காதே’ என்று தற்காலிகமாகப் போட்ட ‘நோஇண்டெக்ஸ்’ வரியை எடுக்க மறந்துபோவதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். தளம் வேர்ட்பிரஸில் கட்டியது என்றால் செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சர்ச் கன்சோல் கணக்கே இல்லை என்றால் இன்றைக்கே உங்கள் பெயரில் தொடங்குங்கள். காசு கிடையாது.

கே: மெட்டா கீவேர்ட்ஸில் எத்தனை சொற்கள் போடலாம்?

ஒன்றும் போட வேண்டாம். பக்கத்தின் கோடில் மறைந்திருக்கும் அந்தச் சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதற்குச் செலவிடும் நேரத்தில் ஒவ்வொரு பக்கத்தின் டைட்டிலையும் ஒழுங்காக எழுதுங்கள். பத்துப் பக்கத்துக்கும் ‘முகப்பு’ என்று ஒரே டைட்டில் வைத்திருக்கும் தளங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

கே: 30 நாளில் முதலிடம் உறுதி என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. நம்பலாமா?

கூடாது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நல்ல வேலை செய்தாலும் பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். எந்தச் சொல்லுக்கு முதலிடம் என்று அவர்களை எழுத்தில் கேளுங்கள். உங்கள் கம்பெனி பெயருக்கு என்று பதில் வந்தால், அது அநேகமாக இப்போதே உங்களிடம் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், யாரை வேலைக்கு வைத்தாலும் கணக்குகள் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

கே: மூன்று மாதம் முன்பு தளத்தைப் புது டிசைனில் மாற்றினோம். பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் கூகுளிலிருந்து வருபவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். “புதுத் தளம் என்றால் அப்படித்தான், போகப் போகச் சரியாகும்” என்கிறார் டெவலப்பர். அதுவரை விளம்பரம் கொடுக்கலாமா?

இந்தக் கடிதம் ஆள் மாறி ஆள் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. அது தானாகச் சரியாகாது. உங்கள் பழைய பக்கங்களின் முகவரிகள் மாறிவிட்டன, பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு யாரும் வழி போடவில்லை. எனக்குத் தெரிந்து பத்தில் எட்டு இடத்தில் இதுதான் நடந்திருக்கிறது. வருடக்கணக்காகக் கூகுள் தெரிந்து வைத்திருந்த பக்கம், மற்ற தளங்கள் லிங்க் கொடுத்திருந்த பக்கம், வாடிக்கையாளர் புக்மார்க் போட்டிருந்த பக்கம் எல்லாம் இப்போது 404, அதாவது ‘பக்கம் இல்லை’, என்று காட்டுகின்றன.

இயந்திரங்கள் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தின் தளத்தை இப்படித்தான் ஒருமுறை கையில் எடுத்தேன். அதில் ஒரு பழைய பக்கம் இருந்தது. எந்த எரர் கோடு வந்தால் என்ன பழுது என்று உரிமையாளரே உட்கார்ந்து எழுதியது. கோணலாக எடுத்த ஒரு போட்டோ, கீழே சின்ன எழுத்தில் ஒரு பட்டியல், அவ்வளவுதான். அவர்களுக்கு வந்த போன் அழைப்புகளில் பெரும்பங்கு அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ‘பழசாகத் தெரிகிறது’ என்று டிசைனர் அதைப் புதுத் தளத்தில் சேர்க்கவே இல்லை. அந்தப் பக்கம் என்ன வேலை செய்கிறது என்று யாரும் எண்ணிக்கையைத் திறந்து பார்க்கவில்லை. சுமார் 400 பழைய முகவரிகளை எக்செல்லில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே புது முகவரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. தளம் மாறுவதற்கு முன்பே செய்திருந்தால் அதே இரண்டு நாள்தான். நடுவில் போன அழைப்புகள் போனதுதான்.

உங்களுக்கான வேலை இது. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருக்கும். மாற்றத்துக்கு முன்பு எந்தெந்தப் பக்கத்துக்கு ஆள் வந்தார்கள் என்று அதிலிருந்து பட்டியல் எடுங்கள். விட்டுப்போனவை பழைய பேக்கப்பிலோ, தளங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலோ கிடைக்கலாம். ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் அதே விஷயத்தைச் சொல்லும் புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் வழி) போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் சோம்பேறித்தனம் வேண்டாம். அப்படித் திருப்பியதைக் கூகுள் ‘பக்கம் இல்லை’ என்ற கணக்கில்தான் பெரும்பாலும் சேர்க்கும். நீக்கிய பக்கம் நன்றாக ஓடிய பக்கம் என்றால் திரும்ப ஏற்றுங்கள், புது டிசைனிலேயே ஏற்றலாம். ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால் எடுக்கவே எடுக்காதீர்கள்.

விளம்பரம் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அதற்குக் கொடுக்கும் பணம் சாதாரணத் தேடல் முடிவில் உங்களை ஒரு படி கூட ஏற்றாது. முதலில் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

கே: பேஜ்ஸ்பீடில் (கூகுளின் வேகச் சோதனை) மொபைல் மதிப்பெண் 38. நூறு வாங்க எந்த ப்ளகின் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) போடலாம்?

நூறு தேவையில்லை, இன்னொரு ப்ளகினும் தேவையில்லை. மதிப்பெண்ணுக்கு மேலே, உண்மையான பயனர்களின் அளவுகள் இருந்தால் அவற்றைப் பாருங்கள். முக்கியமான படம் அல்லது எழுத்து இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லிநொடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். பக்கத்தில் உள்ளவை திடீரென இடம் மாறிக் குதிக்கும் அளவு (சிஎல்எஸ்) 0.1-க்குள் இருக்க வேண்டும். உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் ஐந்து படம் ஓடும் ஸ்லைடர், ஒவ்வொரு படமும் கேமராவிலிருந்து இறக்கியபடியே கிட்டத்தட்ட 5 எம்பி. ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே படம் வையுங்கள். அதை வெப்பி (WebP) என்ற பட வடிவில் 200 கேபிக்குள் சுருக்கி, அகலம் உயரம் இரண்டையும் குறித்துவிடுங்கள். அந்த முதல் படத்துக்கு லேசி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் படத்தை இறக்குவது) வேண்டாம். பிறகு எழுதுங்கள்.

கே: 5,000 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) பேக்கேஜ் வாங்கலாமா?

வேண்டாம். 2012-ல் செயற்கை லிங்க்குகளைப் பிடிக்கும் கூகுளின் பெங்குயின் அப்டேட் வந்தபோதே முடிந்துபோன வியாபாரம் அது.

கே: ஏஐ வைத்து மாதம் 40 கட்டுரை போடுகிறோம். ஆள் வரவில்லையே?

அந்த நாற்பதில் ஒன்றையாவது நீங்கள் கடைசி வரை படித்தீர்களா? ஏஐ எழுதியது என்பதற்காகக் கூகுள் தள்ளுவதில்லை. யாருக்கும் பயன்படாததை மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை 2024 மார்ச்சில் ஸ்பேம் விதியில் சேர்த்துவிட்டார்கள், யார் எழுதினாலும் சரி. உங்கள் ஆபீசில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். வாடிக்கையாளர் கேட்பதை அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே ஒரு மாதம் குறித்து வைக்கட்டும். அதிகம் வந்த நாலு கேள்விக்கு, வேலை தெரிந்த ஒருவர் பதில் எழுதட்டும். அந்த நாலு பக்கம் போதும்.

கே: மெயில் நியூஸ்லெட்டர் எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறது. 20,000 பேர் பட்டியல் வாங்கி அனுப்புகிறோம்.

வாங்கிய பட்டியல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்களிடம் கேட்காதவர்கள் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு, மெயில் உண்மையில் அவர்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே தட்டில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அந்தப் பட்டியலை அழித்துவிட்டு, உங்களிடம் வாங்கிய 200 பேருக்கு அவர்கள் சம்மதத்தோடு அனுப்புங்கள்.

கே: கான்டாக்ட் ஃபார்மை யாரும் நிரப்புவதில்லை.

பதினொரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். பெயர், போன், என்ன வேண்டும், இந்த மூன்று போதும். மேலே உள்ள போன் நம்பரைத் தட்டினால் அழைப்பு போகும்படி செய்யுங்கள். இப்போது அது படமாக இருக்கிறது.

கே: டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) எங்கள் பழைய டெவலப்பர் பெயரில் இருக்கிறது. அவர் போன் எடுப்பதில்லை. அவசரமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

இன்றே பாருங்கள். டொமைன் அவர் கணக்கில் காலாவதியானால் தளத்தோடு உங்கள் ஆபீஸ் மெயிலும் நின்றுபோகும். அவருக்குப் பணம் கொடுத்த ரசீது, ஒப்பந்தம், பழைய மெயில்கள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, டொமைனைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனமான ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். அதற்கு முன், டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் டொமைன் என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைந்திருந்தாலும் தேதியும் ரெஜிஸ்ட்ரார் யார் என்பதும் தெரியும். அந்தத் தேதியை எனக்கு எழுதுங்கள், மிச்சத்தை அடுத்த முறை சொல்கிறேன்.