ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறாவது மாதம். ஹீமோகுளோபின் 8.9. புதுச்சேரியில் செக்கப்புக்குப் போன ஆஸ்பத்திரியில் ரத்த சோகைக்கு ஊசி போடும் ஆய்வு நடக்கிறதாம். பிறகு ஒருவர் கடலூரில் எங்கள் வீட்டுக்கே வந்து, "ஸ்கேன், டெஸ்ட் எல்லாம் இலவசம், பஸ் செலவும் தருவோம்" என்று படிவத்தை நீட்டினார். மறுத்தால் அங்கே பிரசவம் பார்க்க மாட்டார்களோ?

பதில்: அந்தப் பயம் வேண்டாம் அம்மா. ஆய்வில் சேராததற்காக யாரும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. சேர்ந்த பிறகும் காரணம் சொல்லாமலே விலகலாம். கையெழுத்து உங்கள் மகளுடையது. நீங்களோ மருமகனோ அவருக்குப் பதிலாகப் போட முடியாது.

ஆய்வு என்றாலே எலிக்குப் பதில் நம் பெண் என்று நினைக்க வேண்டாம். பிரசவ ஜன்னியை, அதாவது கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பைத் தடுக்க இன்று போடும் மக்னீசியம் சல்பேட் மருந்து, 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகள் சேர்ந்த ஆய்வில்தான் உறுதியானது. 2002-இல் வந்த அதன் முடிவில், ஜன்னி வரும் ஆபத்து பாதிக்கும் கீழே போயிருந்தது.

ஆனால் ஒன்று புரிய வேண்டும். ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் பலவற்றில் யாருக்கு ஊசி, யாருக்கு மாத்திரை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். "சேர்ந்தால் நல்ல ஊசி நிச்சயம்" என்று யாராவது சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது மறைக்கிறார்.

எனக்குக் கோபம் வருவது வீட்டுக்கு வந்த அந்த ஆள் மேல்தான். யார் அவர்? டாக்டரா, நர்ஸா, ஆள் சேர்த்துக் கொடுப்பவரா? பஸ் செலவு தருவது தவறில்லை. இலவச ஸ்கேனைக் காட்டி வாசலில் வைத்தே கையெழுத்து வாங்குவதுதான் தவறு. தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் தரகர், உங்கள் மகளுக்குச் சர்க்கரையோ ஆஸ்துமாவோ இருக்கிறதா என்று ஏன் கேட்கப் போகிறார்? அவரிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆதார் நகலும் கொடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கே போய், ஆய்வை நடத்தும் டாக்டரை நேரில் கேளுங்கள்.

தமிழில் எழுதிய தகவல் தாளை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். ஆய்வில் சேருபவர்களின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் அதில் இருக்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசு இணையப் பதிவேட்டில் இந்த ஆய்வுக்குள்ள எண்ணையும் கேளுங்கள். மருந்து ஆய்வுகளை அதில் பதிவது 2009 முதல் கட்டாயம். பதிவேட்டைத் திறந்தால் ஆங்கிலம்தான். கர்ப்பிணிக்குத் தமிழில் ஒரு பக்கம் போட இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை! படித்த பிள்ளை யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

"சம்மதம் வாங்கும்போது வீடியோ எடுக்கவில்லையே, மோசடியா?" என்று பலர் கேட்கிறார்கள். வீடியோ எல்லா ஆய்வுக்கும் கட்டாயம் இல்லை. முற்றிலும் புதிய மருந்தை, எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களிடம் சோதிக்கும்போதுதான் கட்டாயம். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் இரும்புச் சத்து ஊசியை மாத்திரையோடு ஒப்பிடும் ஆய்வுக்கு அது இல்லாமல் இருக்கலாம். ஆகவே கேமரா இல்லை என்பதற்காக மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அதே சமயம் கேமரா இருந்தாலே எல்லாம் சரி என்றும் ஆகாது. படிக்கத் தெரியாத பெண் என்றால், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் விளக்கம் முடியும்வரை கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரரைக் கூப்பிட்டுக் கடைசி நிமிஷத்தில் போட வைப்பது சாட்சியே இல்லை.

மருந்து ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் விதிகள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வரும் பாதிப்பும் அதில் அடங்கும். தகவல் தாளில் அந்தப் பகுதி இல்லையென்றால் சேர வேண்டாம்.

இந்த யோசனையில் நாட்களை ஓட்டிவிடாதீர்கள். 8.9 குறைவுதான். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சிகிச்சை இந்த வாரமே தொடங்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை எத்தனை என்று டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். காபி, டீ, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்; இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.