தாடையில் முடி: லேசருக்கு முன் மாதவிடாயைப் பார்க்க வேண்டும்

கேள்வி: எனக்கு 23 வயது. தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு வருடங்களாகத் தாடையிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்கிறது. மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. பிளேடு போட்டதால்தான் முடி தடித்தது என்கிறார் அம்மா. முகம் வெளுக்கும் என்று டவுனில் வாங்கிய கிரீம் ஒன்றையும் ஆறு மாதமாகப் பூசுகிறேன். கண்டிக்குப் போய் லேசர் செய்தால் முற்றாகப் போய்விடுமா? கல்யாணப் பேச்சு நடக்கிறது. பிள்ளை பெறுவதில் சிக்கல் வருமா?

பதில்: பிளேடுக்கு இதில் பங்கில்லை. மழித்த முடி நுனி மழுங்கி வளர்வதால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், வேர் தடிப்பதில்லை. உங்கள் கடிதத்தில் முடியைவிட என் கண்ணில் முதலில் பட்டது மாதவிடாய் பற்றிய அந்த ஒரு வரிதான். ஆண்களுக்கு முடி வளரும் இடங்களில் பெண்ணுக்குத் தடித்த முடி வளர்வதும் மாதவிடாய் தள்ளிப்போவதும் சேர்ந்து வந்தால், சூலகத்தில் சுரக்கும் ஆண்தன்மை ஹார்மோன் சற்றுக் கூடியிருக்கிறது என்றே முதலில் நினைப்போம். சூலகப் பல்நீர்க்கட்டி நிலை, அதாவது பிசிஓஎஸ், என்று சொல்லப்படுவது இதுதான்; இப்படி முடி வளரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இதுவே காரணம்.

ஆனால் பார்க்காமல் அந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. முடியின் அளவை மேலுதடு முதல் தொடை வரை 9 இடங்களில் பார்த்துப் புள்ளியிடும் முறை ஒன்று 1961ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. மொத்தம் 36 புள்ளிகளில் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிகை என்று பொதுவாகக் கொள்வோம். எங்கள் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் பலர் முதல் நாளே நூல் போட்டு முகத்தைத் துடைத்தெடுத்துவிட்டு, குளிருக்குக் கட்டுவதுபோல மஃப்ளரைத் தாடை வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். அப்போது புள்ளியிட எங்களுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. வருவதற்கு முன் இரண்டு மூன்று வாரங்களாவது முடியை எடுக்காமல் விட்டு வாருங்கள்.

இரத்தப் பரிசோதனையை மாதவிடாய் தொடங்கிய 2ஆம் நாளுக்கும் 5ஆம் நாளுக்கும் இடையில், காலை வேளையில் செய்வது நல்லது. ஆண்தன்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோன், தைரொயிட், பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் ஆகியவற்றோடு, பிறவியிலேயே சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியில் உள்ள ஒரு குறைபாட்டைக் கண்டுபிடிக்க 17-ஹைட்ரொக்சி புரொஜெஸ்டிரோனும் பார்க்கப்படும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சீனிப் பரிசோதனையும் தேவை, ஏனெனில் இந்நிலை உள்ளவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பரவினாலோ, குரல் தடித்தாலோ, முன்தலை வழுக்கை விழுந்தாலோ கட்டி இருக்கக்கூடும் என்பதால் அதற்கு மட்டும் அவசரம் காட்ட வேண்டும். நான்கு வருடங்களாக மெல்ல வளர்ந்திருப்பது உங்களுக்கு ஆறுதலான செய்தி.

அந்தக் கிரீமை இன்றோடு நிறுத்துங்கள். லேபல் இல்லாத வெளுக்கும் கிரீம்களில் ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு. அதைப் பலமாதம் பூசினால் முகத்தில் முடியும் பருவும் வளரும், தோலும் மெலியும். நிறுத்தியவுடன் சில வாரங்கள் முகம் சிவந்து எரியலாம். அதற்குப் பயந்து திரும்பப் பூசிவிடாதீர்கள். டியூபைத் தூக்கி எறியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சிகிச்சையில் முதலிடம் பொதுவாகக் கருத்தடை மாத்திரைக்குத்தான். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது எதற்கென்று அம்மா கேட்பார். சூலகத்தின் ஆண்தன்மைச் சுரப்பைக் குறைத்து மாதவிடாயையும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் மருந்து என்று அவருக்குச் சொல்லுங்கள். கடும் ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம், இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடியின் வளர்ச்சிச் சுற்று நீண்டது என்பதால் பலன் தெரிய ஆறு மாதங்கள் ஆகும். போதாவிட்டால் ஆண்தன்மை ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரொனோலக்டோன் மாத்திரையைச் சேர்ப்போம். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாதவிடாய்க்கும் சீனிக்கும் உதவும், முடிக்குப் பெரிதாக உதவாது.

லேசரை நான் தடுக்க மாட்டேன், ஆனால் அதை முதலில் செய்யச் சொல்லவும் மாட்டேன். ஹார்மோன் அடங்காமல் செய்தால் புதிய முடி கிளம்பிக்கொண்டே இருக்கும். நம் நிறத் தோலில் 1064 நானோமீட்டர் அலைநீள என்டி யாக் லேசரே பாதுகாப்பானது. தெற்காசியப் பெண்கள் சிலருக்கு முகத்தில் லேசருக்குப் பின் முடி கூடுவதும் உண்டு. நிரந்தரமாக அகற்றுவது, மெல்லிய ஊசி வழியே மின்சாரம் செலுத்தி முடி வேரை அழிக்கும் மின்பகுப்பு முறை, ஆனால் ஒவ்வொரு வேராகச் செய்ய வேண்டியிருப்பதால் பொறுமையும் பணமும் வேண்டும்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் கட்டணம் இல்லை. பிள்ளை பெறுவதைப் பொறுத்தவரை, இந்நிலை உள்ள பெரும்பாலான பெண்கள் தாமாகவோ, முட்டை வெளிவர உதவும் மாத்திரையுடனோ கருத்தரிக்கிறார்கள். ஸ்பைரொனோலக்டோன் ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது; கல்யாண நாள் குறித்தவுடன் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.