மைக்கேல் லவுட்ரப்: கேளுங்கள், சொல்கிறேன்

டென்மார்க்கின் கால்பந்து வீரர் மைக்கேல் லவுட்ரப் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்து விழுந்த கேள்விகளில் பாதி, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பை, அதிலும் 1992 யூரோ பற்றித்தான். அதற்கு வருவோம், அவசரமில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கடைசி பெஞ்ச்: அண்ணே, நான் மெஸ்ஸி வந்த பிறகு கால்பந்து பார்க்க ஆரம்பித்தவன். யார் இந்த லவுட்ரப்? சுருக்கமா சொல்லுங்க.

1964 ஜூன் 15 அன்று கோபன்ஹேகனை ஒட்டிய ஃப்ரெடெரிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். அப்பா ஃபின் டென்மார்க்குக்கு ஆடியவர், தம்பி பிரயனும் ஆடியவர், தாய்மாமன் எபே ஸ்கோவ்டால் கோச். வீட்டில் சாப்பாட்டோடு கால்பந்தும் பரிமாறியிருப்பார்கள். ப்ரோன்பி, லாட்சியோ, யுவென்டஸ், பார்சிலோனா, ரியல் மாட்ரிட், விஸல் கோபே, அயாக்ஸ் என்று ஆடி, நாட்டுக்காக 104 ஆட்டங்களில் 37 கோல் போட்டு, 1998 உலகக் கோப்பையோடு பூட்ஸைக் கழற்றினார். அப்புறம் கோச். மெஸ்ஸிக்கு முந்தைய பார்சிலோனாவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆன்ஃபீல்டு ரசிகன்: எங்க லிவர்பூலுக்கு வந்திருக்க வேண்டியவர் என்று கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம்தான். 1983-ல் பத்தொன்பது வயதுப் பையன். மூன்று வருட ஒப்பந்தம் என்று பேச்சு முடிந்தது. கையெழுத்துக்கு நேரம் வந்தபோது அதே பணத்துக்கு நான்கு வருடம் என்றார்கள். இவர் மறுத்துவிட்டார். அன்றைக்கு ஐரோப்பாவிலேயே பெரிய அணி லிவர்பூல், அதை ஒரு வருடக் கணக்குக்காக உதறியிருக்கிறார். பிடிவாதம் என்பீர்கள். எனக்கென்னவோ இவருடைய முழு வாழ்க்கையும் அந்த ஒரு சம்பவத்தில் இருப்பதாகத் தோன்றும். பேசிய பேச்சு மாறினால் கிளம்பிவிடுவார், எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் சரி. கீழே வரும் பதில்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

கறுப்பு வெள்ளைக் கோடு: யுவென்டஸில் ஏன் பெரிதாக எடுபடவில்லை?

முதல் காரணம் இத்தாலியின் அன்றைய விதி: ஒரு அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் மட்டும். யுவென்டஸில் பிரான்ஸின் பிளாட்டினியும் போலந்தின் போனியெக்கும் இருந்தார்கள். அதனால் வாங்கிய கையோடு லாட்சியோவுக்கு லோனில் அனுப்பினார்கள். அங்கே இரண்டு சீசன், இரண்டாவதில் லாட்சியோ கீழ் டிவிஷனுக்கே இறங்கிவிட்டது. 1985-ல் போனியெக் ரோமாவுக்குப் போன பிறகுதான் இடம் கிடைத்தது. அந்த வருடம் லீக் பட்டம் வந்தது. டிசம்பரில் டோக்கியோவில் அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்கு எதிரான இன்டர்கான்டினென்டல் கோப்பையும் வந்தது. அந்த ஆட்டத்தில் 2-2 ஆக்கிய கோல் இவருடையது. கோல்கீப்பரைத் தாண்டி, கோல் கோட்டை ஒட்டிய ஒடுக்கமான கோணத்திலிருந்து அடித்தது. பிறகு பெனால்டி ஷூட்அவுட்டில் இவர் அடித்தது வீணானது வேறு கதை. 1987-ல் பிளாட்டினி ஓய்வு பெற்றதும் அவருடைய சுமை மொத்தமும் இவர் தலையில் விழுந்தது, அணியும் அப்போது இளைத்துப் போயிருந்தது.

பார்சா பைத்தியம்: சார், க்ரொய்ஃபின் கனவு அணி பற்றிச் சொல்லுங்கள். அதில் இவருடைய வேலை என்ன?

க்ரொய்ஃப் கோச்சாக இருந்த பார்சிலோனாவுக்கு லவுட்ரப் 1989-ல் வந்தார். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டம். 1992 மே மாதம் வெம்பிளியில் சாம்ப்டோரியாவை 1-0 என்று வென்று பார்சிலோனாவின் முதல் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). கூமன் அடித்த ஃப்ரீ கிக் எல்லோருக்கும் தெரியும்.

நான்கு பட்டங்களில் கடைசி மூன்றும் சீசனின் கடைசி நாளில் கிடைத்தவை என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1992-லும் 1993-லும் ரியல் மாட்ரிட் கடைசி ஆட்டத்தில் டெனரிஃபே தீவுக்குப் போய்த் தோற்றது. 1994-ல் டெபோர்டிவோவின் ஜுகிச் கடைசி நிமிடப் பெனால்டியைத் தவறவிட்டார். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

லவுட்ரப்பின் வேலை என்னவென்றால், முன்கள வீரர் என்று பெயர், ஆனால் முன்னால் நிற்க மாட்டார். கீழே இறங்கி வருவார், மார்க் செய்கிற டிஃபெண்டரும் பின்னாலேயே வருவார். அவர் விட்டுவிட்டு வந்த இடத்துக்குள் சக வீரர் ஸ்டோய்ச்கோவ் பாய்வார், பந்து அங்கே போயிருக்கும். பின்னாளில் பார்சிலோனா கோச்சாக குவார்டியோலா மெஸ்ஸியை நிறுத்திய இடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கனவு அணியில் குவார்டியோலாவும் ஆடினார், சும்மா வேடிக்கை பார்த்திருக்க மாட்டார்.

வலது விங்: பார்க்காமலேயே பாஸ் கொடுப்பாராமே. சும்மா பந்தா தானே?

இல்லவே இல்லை. நல்ல டிஃபெண்டர் பந்தைப் பார்க்க மாட்டார், ஆட்டக்காரரின் கண்ணையும் இடுப்பையும் பார்ப்பார். லவுட்ரப் இடதுபுறம் பார்த்துக்கொண்டே பந்தை வலதுபுறம் தள்ளுவார். டிஃபெண்டரின் எடை தப்பான காலுக்குப் போயிருக்கும், திரும்புவதற்குள் ரொமாரியோ போய்விட்டிருப்பார். அரை நொடி லாபம். இன்னொன்று, பந்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு ஒரே அசைவில் மாற்றி இரண்டு பேருக்கு நடுவே நழுவுவது. இனியெஸ்டா செய்து பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் இனியெஸ்டாவுக்கு ஆதர்சம் இவர்தான். இருவரும் பின்னாளில் ஜப்பானின் அதே விஸல் கோபேவுக்குப் போய் ஆடியது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்த தற்செயல்.

வெள்ளை ஜெர்சி: பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட்டுக்குத் தாவியது துரோகம் இல்லையா?

ஏதென்ஸில் நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அன்றைய ஐரோப்பிய விதிப்படி மூன்று வெளிநாட்டவர்தான் ஆடலாம். பார்சிலோனாவில் நான்கு பேர்: கூமன், ஸ்டோய்ச்கோவ், ரொமாரியோ, லவுட்ரப். 1994 மே 18, ஏதென்ஸில் மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். க்ரொய்ஃப் இவரை வெளியே உட்கார வைத்தார். மிலான் 4-0. தான் பயந்தது லவுட்ரப்பை நினைத்துத்தான், அவரை விட்டது க்ரொய்ஃபின் தவறு என்று மிலான் கோச் கபெல்லோ பிறகு சொன்னார்.

ஒப்பந்தம் முடிந்திருந்தது, கோச்சோடு பேச்சுவார்த்தை கசந்திருந்தது, கிளம்பினார். மாட்ரிட்டில் அப்போது கோச் வால்டானோ. டெனரிஃபேயில் இருந்துகொண்டு இரண்டு முறை மாட்ரிட்டின் பட்டத்தைப் பறித்தவரே அவர்தான். 1994 ஜனவரியில் பார்சிலோனா 5-0 என்று மாட்ரிட்டை அடித்தபோது பார்சிலோனா சட்டையில் லவுட்ரப். 1995 ஜனவரியில் மாட்ரிட் அதே 5-0-ஐத் திருப்பிக் கொடுத்தபோது வெள்ளைச் சட்டையில் லவுட்ரப். முதலாவதில் ரொமாரியோ ஹாட்ரிக், இரண்டாவதில் சமொரானோ ஹாட்ரிக். அந்த சீசன் மாட்ரிட்டுக்குப் பட்டம், இவருக்கு இரண்டு அணிகளில் சேர்த்துத் தொடர்ச்சியாக ஐந்தாவது. துரோகம் என்று கத்துவது காலரி ரசிகனின் உரிமை. ஆனால் கதவைத் திறந்து வைத்தது பார்சிலோனாதான்.

பலர் கேட்டது: 1992-ல் டென்மார்க் யூரோ ஜெயித்தபோது இவர் எங்கே போனார்?

விடுமுறையில். 1990-ல் செப் பியோன்டெக் போய் ரிச்சர்ட் மோலர் நீல்சன் தேசிய அணிக் கோச் ஆனார். பியோன்டெக்கின் அணி பாய்ந்து ஆடும் அணி. 1986 உலகக் கோப்பையில் உருகுவேயை 6-1 என்று நொறுக்கியது அதுதான் (அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் 1-5 வாங்கியதும் அதேதான்). மோலர் நீல்சன் முதலில் பின்னால் பூட்டு போடுகிறவர். 1990 நவம்பரில் கோபன்ஹேகனில் யூகோஸ்லாவியாவிடம் 0-2 தோற்ற பிறகு மைக்கேல், பிரயன் இருவரும் அணியிலிருந்து விலகினார்கள். டென்மார்க் யூரோவுக்குத் தகுதி பெறவில்லை, யூகோஸ்லாவியா பெற்றது. போரும் ஐ.நா. தடையும் வந்தன, போட்டிக்குச் சில நாட்கள் இருக்கும்போது யூகோஸ்லாவியா நீக்கப்பட்டு டென்மார்க்குக்கு அழைப்பு வந்தது. பிரயன் அதற்கு முன்பே சமாதானமாகித் திரும்பியிருந்தார். அண்ணன் வரவில்லை. தம்பி ஜூன் 26 அன்று கோதன்பர்க்கில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்.

மைக்கேல் இருந்திருந்தால் இன்னும் சுலபமாக ஜெயித்திருக்கும் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த அணி கோல்கீப்பர் ஷ்மைக்கேலின் கையாலும் பின்வரிசையின் பொறுமையாலும் ஜெயித்தது. லவுட்ரப் இருந்தால் ஆட்டம் அவரைச் சுற்றித்தான் ஓடும், அது வேறு அணியாக இருந்திருக்கும். கொள்கைக்குக் கொடுத்த விலை பெரிது, ஆனால் கணக்கில் குழப்பமில்லை. 1993-ல் அதே கோச்சிடம் திரும்பி வந்து, 1995 ஜனவரியில் ரியாத்தில் அர்ஜென்டினாவை 2-0 என்று வென்று கிங் ஃபஹ்த் கோப்பையும் வாங்கினார். முதல் கோல் இவருடைய பெனால்டி.

டக்அவுட்: கோச்சாக எப்படித் தொடங்கினார்?

அயாக்ஸில் இவருடைய கடைசி சீசன் கோச் மார்டன் ஓல்சன். அவரே 2000-ல் டென்மார்க் அணியை ஏற்றபோது லவுட்ரப்பை உதவியாளராக வைத்துக்கொண்டார். 2002-ல் சொந்த க்ளப் ப்ரோன்பிக்குக் கோச். 2003-ல் கோப்பை, 2005-ல் லீக், கோப்பை இரண்டும். டிஃபெண்டர் டேனியல் ஆகரைப் பெரியவர்கள் அணிக்குள் கொண்டுவந்தது இவர்தான். 2006-ல் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் கிளம்பினார்.

நள்ளிரவு ரசிகன்: கெடாஃபே - பயர்ன் ஆட்டம் பற்றி அப்பா இன்னும் பேசுவார். அப்படி என்ன நடந்தது?

அப்பா பேசத்தான் செய்வார். கெடாஃபே மாட்ரிட் நகரின் தெற்குப் புறநகர். 2007-08 சீசனில் அதன் க்ளப்புக்கு லவுட்ரப் கோச், அந்த க்ளப்புக்கு ஐரோப்பியப் போட்டியே புதிது. சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலைப் போட்டியான யூஈஎஃப்ஏ கோப்பையின் 2008 காலிறுதி, எதிரில் ஜெர்மனியின் பயர்ன். மியூனிக்கில் கடைசி நேரத்தில் கெடாஃபே வீரர் கான்ட்ரா கோல் போட்டு 1-1. ஏப்ரல் 10 அன்று திரும்ப ஆட்டம். ஆறாவது நிமிடத்திலேயே கெடாஃபேயின் டி லா ரெட்டுக்கு ரெட் கார்டு. பத்துப் பேரோடு முக்கால் மைதானம் ஓடி, இடைவேளைக்குச் சற்று முன் அதே கான்ட்ரா கோல். 89-வது நிமிடம் வரை அந்த 1-0 நின்றது. பயர்னின் ரிபெரி சமன் செய்தார். சோர்ந்துவிடுவார்கள் என்று பார்த்தால், கூடுதல் நேரம் தொடங்கி மூன்றே நிமிடத்தில் கஸ்கேரோ, பிராலியோ என்று இரண்டு கோல், 3-1! கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 115-வது நிமிடம் கோல்கீப்பர் அபோன்டான்சியேரியின் கையிலிருந்து பந்து நழுவ, லூகா டோனி. 120-வது நிமிடம் மறுபடியும் டோனி. 3-3, மொத்தம் 4-4, அன்றைய அவே கோல் விதியில் (சமன் என்றால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிக்கு வெற்றி) பயர்ன்.

ஆறு நாள் கழித்து ஸ்பானிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் வலென்சியாவிடம் 1-3. ஒரே வாரத்தில் இரண்டு அடி. கோப்பை எதுவும் இல்லாத அந்த சீசனைத்தான் லவுட்ரப்பின் சிறந்த கோச்சிங் சீசனாக நான் வைப்பேன். பத்துப் பேராக இருந்தும் பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஒளிந்துகொள்ளாத அணி அது.

புள்ளிவிவரப் புலி: எங்குமே மூன்று வருடம் தாண்டுவதில்லையே. பிரச்சினை இவரிடம்தானே?

ப்ரோன்பியில் நான்கு சீசன் இருந்தார். மற்றபடி கேள்வி நியாயம். கெடாஃபேயிலிருந்து ஒரே வருடத்தில் தானே போனார். ஸ்பார்டாக் மாஸ்கோவில் ஏழு மாதம், அங்கே நீக்கப்பட்டார். மயோர்காவில் பணமில்லாத அணியை 2011-ல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் லீகில் காப்பாற்றினார். அந்த செப்டம்பரில் இவருடைய உதவியாளரை நிர்வாகம் நீக்க, இவரும் ராஜினாமா. நான் முதலில் சொன்ன லிவர்பூல் கதையேதான். ஆட்டக்காரனாக இருக்கும்போது அந்தக் குணம் கம்பீரம். கோச்சுக்கு அது குறை என்றே சொல்வேன். அணி கட்ட மூன்று நான்கு வருடம் வேண்டும், நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். அது அவருக்கு வராது.

ஸ்வான்சீ வெள்ளை: எங்க ஊரு ஆளா ஆகியிருக்க வேண்டியவர். அந்தக் கோப்பை சும்மா கிடைத்தது என்கிறார்களே?

2012-ல் ஸ்வான்சீக்குக் கோச்சாகப் போய் முதல் சீசனிலேயே வாங்கிய இங்கிலாந்து லீக் கோப்பையைத்தானே சொல்கிறீர்கள்? இறுதி ஆட்டத்தில் எதிரணி நான்காம் டிவிஷன் பிராட்ஃபோர்டு, 5-0. அதை மட்டும் பார்த்தால் சும்மாதான். அரையிறுதியில் செல்சியை ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் 2-0 என்று அடித்துவிட்டு வந்ததையும் சேர்த்துப் பாருங்கள். செல்சியின் ஹஸார்ட் பந்து பொறுக்கும் பையனிடம் மல்லுக்கட்டி ரெட் கார்டு வாங்கியது அதன் இரண்டாவது ஆட்டத்தில்தான். 2013 பிப்ரவரி 24, க்ளப்பின் நூறாண்டு வரலாற்றில் முதல் பெரிய கோப்பை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்வான்சீயின் டையரும் டி குஸ்மானும் பெனால்டி யாருக்கு என்று சண்டை போட்டார்கள். அவ்வளவு சாவகாசமான இறுதி ஆட்டம்!

ஸ்பெயினின் ராயோ வயெகானோவிலிருந்து மிச்சு என்ற வீரரை 20 லட்சம் பவுண்டுக்கு எடுத்து வந்தார். அந்த சீசன் லீகில் மட்டும் 18 கோல். அணி ஒன்பதாவது இடம். அடுத்த சீசன் வலென்சியாவை அதன் மைதானத்திலேயே 3-0 என்று வென்றார்கள், பிறகு லீகில் சறுக்கல். 2014 பிப்ரவரி 4 அன்று நீக்கினார்கள். அணி அப்போது 12-வது இடம். அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து. ஆனால் கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் இடங்கள் இரண்டே புள்ளி கீழே இருந்தன, பயந்ததையும் குறை சொல்ல முடியாது.

ஆன்ஃபீல்டு ரசிகன்: அண்ணே மறுபடியும் நான். அதே ஸ்வான்சீயில் எங்க யான் மோல்பியும் இருந்தாரே?

ஆமாம், 1996-97-ல் ஆடிக்கொண்டே மேனேஜராக இருந்தார். அவரும் டேனிஷ் மிட்ஃபீல்டர்தான். கிடர்மின்ஸ்டர் என்ற சின்ன க்ளப்பை 2000-ல் இங்கிலாந்தின் மேல் நான்கு டிவிஷன்களுக்குள் கொண்டுவந்தது அவருடைய பெரிய சாதனை. அவருக்கென்று தனியாக ஒரு நாள் வைக்கலாம்.

வலது விங்: கத்தார் காலம்?

அங்கே லெக்வியா க்ளப்பின் கோச்சாக 2015-ல் லீக் பட்டம். பிறகு அல் ரய்யான், 2018 வரை. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

கடைசி பெஞ்ச்: இவ்வளவு படித்தாச்சு. ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும்னா எது?

1998 உலகக் கோப்பை, ஜூன் 28, டென்மார்க் - நைஜீரியா, 4-1. அப்போது இவருக்கு 34 வயது, ஓட்டம் போயே போய்விட்டது. எபே சாண்ட் மாற்று ஆளாக இறங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, லவுட்ரப் தூக்கிப் போட்ட பந்தில் கோல். ரீப்ளேயில் பந்தை விட்டுவிட்டு லவுட்ரப்பின் தலையைப் பாருங்கள் தம்பி, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று. அடுத்த ஆட்டம் நான்டில் பிரேசிலிடம் 2-3, அதோடு ஓய்வு. அதையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். பிரயன் போட்ட இரண்டாவது டேனிஷ் கோலுக்காகவாவது பார்க்கலாம்.