முன்பக்கம் இல்லாத ஆட்டம்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு வாவியோரக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரின் பழைய வாசிகசாலையைத் திருத்திக் கலைக்கூடமாக்கப் போகிறோம். அந்தக் காலத்தில் ஊரவர்கள் சிரமதானமாகக் கட்டிய ஓட்டுக் கட்டடம் அது. நாடகம், வில்லுப்பாட்டு, கூத்துப் பழக்கம் எல்லாம் அங்கேயும் அதன் வளவிலும்தான் நடந்தன. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் பணம் அனுப்பியிருக்கிறார்கள். வளவுப் பக்கமாகக் கட்டடத்தை நீட்டி உயர்ந்த மேடை, திரை, ஒலிபெருக்கி. மாலையில் பரதநாட்டிய, மிருதங்க, சித்திர வகுப்புகள். ஆண்டு விழாவில் முக்கால் மணி நேரக் கூத்து என்று திட்டமிட்டிருக்கிறோம். அழிந்துவரும் எங்கள் கலைகளைக் காப்பாற்றுவதே நோக்கம். சுவர்களில் எவ்வகை ஓவியங்களை வைக்கலாம்? கூடத்துக்கு விபுலானந்த அடிகளின் பெயரைச் சூட்டலாமா? கட்டட வரைபடத்தை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

பெயரை முதலில் முடித்துவிடுவோம். அடிகளின் பெயரில் நம்மிடம் மண்டபங்களுக்குக் குறைவில்லை. வாசிகசாலைக்கு அதைக் கட்டியவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அதை மாற்றாதீர்கள். சித்திர வகுப்பு நல்லது. பரதநாட்டியமும் மிருதங்கமும் நல்லவைதான். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறிய பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள், சம்பளம் கொடுங்கள். ‘ஊருக்குச் சேவை’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள்.

என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது அந்த மேடைதான். சில வாரங்களாகவே இதை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். அண்மையில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்து. பிரதம விருந்தினர் வரும்வரை உடுப்புக் கட்டிய ஆட்டக்காரர்கள் மேடைக்குப் பின்னால் வியர்வையில் நனைந்துகொண்டு நின்றார்கள். அது கிடக்கட்டும், நமக்குப் பழகிப்போன மரியாதைதான். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, “அண்ணாவியார் நடுவில் நின்றால் படம் பிடிக்கிறவர்களுக்கு மறைக்கும்” என்று சொல்லி, கூத்தைப் பழக்கி மத்தளம் அடித்து நடத்துகிற அவரை மேடையின் இடப்பக்க மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அமர்த்தினார். அந்த மனிதரும் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

களரி என்பது என்ன, தம்பி? மண்ணைக் கூட்டி வட்டமாக உயர்த்திய ஒரு மேடு. சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி, தோரணம் போட்டிருப்பார்கள். நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும், பக்கத்தில் சல்லரி என்னும் கைத்தாளம், பிற்பாட்டுக்காரர்கள். ஆடுகிறவன் அவர்களைச் சுற்றி ஆடுகிறான். அவனைச் சுற்றி ஊர் இருக்கிறது. அவனுக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. ஒரு சுற்றில் கோயில் வாசலைப் பார்ப்பான்; அடுத்த கணம் கச்சான் விற்கிறவளைப் பார்ப்பான்; அதற்கடுத்து, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாயைப் பார்ப்பான். எட்டு, வீசாணம், பொடியடி என்னும் ஆட்ட அடிகள் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து பழகிய கால்களுக்கு உரியவை. நீங்கள் அந்தக் கால்களைக் கொண்டுபோய் மூன்று பக்கம் அடைத்த ஒரு பெட்டிக்குள் விடப் போகிறீர்கள். அங்கே அவனுக்கு ஒரு முதுகு முளைத்துவிடும். முதுகைக் காட்டக் கூடாது என்று ஒருவர் சொல்லிக்கொடுப்பார். பிறகு வட்டம் அரைவட்டமாகும். அரைவட்டம் வரிசையாகும். கடைசியில் வரிசையாக நின்று, கலையரங்கில் கையசைக்கும் பாடசாலைப் பிள்ளைகள் மிஞ்சுவார்கள்.

அண்ணாவியார் ஏன் நடுவில் நிற்கிறார் என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டார்களா? சின்ன வயதில் என் மாமா ஆடிய கூத்தில் எனக்குக் கட்டியகாரன் வேடம் தந்தார்கள். பெரிய வேடத்துக்கு நான் தேறமாட்டேன் என்று பெருமூச்சு விட்டுத்தான் தந்தார்கள். பழக்கிய அண்ணாவியாருக்கு ஒரு கண் பார்வை மங்கல். நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஆடும்போது தாளம் தப்பினால், சதங்கைச் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். ஏச மாட்டார், திரும்பியும் பார்க்க மாட்டார். வலக்கையை மத்தளத்தின் மேல் அப்படியே வைத்துவிடுவார். சத்தம் நின்றுவிடும். சுற்றி ஆடுகிற அத்தனை பேரும் நிற்பார்கள். யாருடைய கால் தப்பியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எனக்கு மட்டும் காது சூடாகும். என் கால் அந்த அடியைத் தானாகத் தேடிப் பிடித்து மிதித்த பிறகுதான் அவருடைய விரல் அசையும். மூலைக் கதிரையில் இருத்தி, இரண்டு ஒலிபெருக்கிகளை அவருடைய காதுக்குப் பக்கத்தில் வைத்தால், அவருக்கு எந்தச் சதங்கை கேட்கும்? மூலைக்குப் போன அண்ணாவியார் வெறும் பக்கவாத்தியக்காரர். அவர் கையில் இருந்த கூத்து யார் கைக்குப் போகிறது? நெறியாளர் என்று அழைப்பிதழில் பெயர் அச்சிட்ட யாரோ ஒருவருடைய கைக்கு.

பேராசிரியர் சு. வித்தியானந்தனைச் சாட்சிக்கு இழுப்பீர்கள், தெரியும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடையில் ஏற்றினார். அவர் மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்தில், மட்டக்களப்பைச் சேர்ந்த நம்முடைய மௌனகுரு இராவணனாக ஆடினார். நாட்டின் பெரிய அரங்குகளுக்கு மட்டக்களப்புக் கூத்து போனது. எல்லாம் உண்மை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். கூத்தை நாட்டார் விளையாட்டு என்று எட்ட நிறுத்திய காலத்தில் அவர் செய்த வேலை அது. ஆனால் அவர் கூத்தைக் கொண்டுபோனது களரி இல்லாத இடத்துக்கு. பல்கலைக்கழகத்திலும் கொழும்பிலும் மண்மேடு கட்ட முடியாது. உங்கள் வாசிகசாலை வளவில் களரி இருந்திருக்கிறது! இருந்த களரியின் மேல் சீமெந்து கொட்டி, அதன் மேல் கூத்துக்கு ஒரு படச்சட்டம் கட்டுவதற்கு வித்தியானந்தன் ஒப்புதல் தரவில்லை. பின்னாளில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்பின் சீலாமுனையில் ஊராரோடு உட்கார்ந்து, கூத்தை ஊர்க் களரியிலேயே வைத்து, எதை மாற்றலாம் என்று பேசிப்பேசி மாற்றினார்களே, போய்ப் பார்த்தீர்களா? பஸ்ஸில் போகிற தூரம்தான்.

முக்கால் மணி நேரமா முழு இரவா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் விடியும்வரை விழித்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு எத்தனை நாள் பழக்கப் போகிறீர்கள்? உங்கள் திட்டத்தில் ஆண்டு விழா இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வயல் வேலை ஓய்ந்த காலத்தில் சட்டங்கொடுத்து, அதாவது ஆட்டக்காரர்களுக்குப் பாத்திரத்தையும் பாட்டையும் பிரித்துக் கொடுத்துத் தொடங்கி, கால் பழக்கி, சதங்கை அணிந்து, கிழமைக்கூத்து என்னும் வாராந்த ஒத்திகை ஆடி, அடுக்குப் பார்த்தல் என்னும் முழு ஒத்திகையும் முடித்து, அரங்கேற்றி, பிறகு வீட்டுக்கு வீடு ஆடி முடிக்க மாதங்கள் போகும். ஊருக்கு அதுதான் கலைக்கூடம். அரங்கேற்றத்தன்று புதிதாகப் பார்க்க யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. பழக்கம் நடந்த இரவுகளில் பாயோடு வந்து படுத்திருந்த கிழவிகளுக்கே பாட்டு முழுவதும் பாடம். அரசனாக ஆடியவர் வரியை மறந்தபோது கூட்டத்துக்குள் இருந்து ஒரு பெத்தாச்சி எடுத்துக்கொடுத்ததை நான் கேட்டிருக்கிறேன். பெண்களை ஆடவிடாத காலத்திலேயே அப்படி. இப்போது அவர்களுடைய பேத்திகள் ஆடட்டுமே.

‘அழிந்துவரும் கலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொற்றொடரை எந்த விழா மலரில் கண்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. தானாக எதுவும் அழிவதில்லை. வளவை வாகனத் தரிப்பிடமாக்குகிறோம், இரவு ஏழு மணிக்கு மண்டபத்தைப் பூட்டுகிறோம், மின்சாரக் கட்டணம் ஏறுகிறது என்று பழக்கத்தை நிறுத்துகிறோம். பிறகு வாழைமரம் கட்டி, குத்துவிளக்கேற்றி, அழிகிறதே என்று சொற்பொழிவு ஆற்றுகிறோம். உங்கள் பட்டியலில், பறை அடித்து ஆடும் பறைமேளக்கூத்து இல்லை. மறந்துவிட்டீர்களா, விட்டுவிட்டீர்களா? இரண்டில் எது என்று எனக்கு எழுதத் தேவையில்லை. பட்டியலில் சேர்த்துவிடுங்கள், போதும்.

ஓவியம் கேட்டீர்கள். பாடும் மீன், கோட்டை, கல்லடிப் பாலம் என்று மூன்றையும் யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவை மட்டக்களப்பின் எல்லா விடுதிகளிலும் மாட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊரில் எங்காவது ஒரு வீட்டுப் பரணில் பழைய கூத்து உடுப்பு கிடக்கும். தேடுங்கள். கரப்புபோல விரிந்த கரப்புடுப்பு, தோளில் கட்டும் புயக்கட்டு, மார்புப் பதக்கம், கிரீடம். மாமாவின் கிரீடத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் மினுங்கும். உள்ளே நெற்றி பட்ட இடத்தில் பழைய சேலைத் துணியை நாலாக மடித்துத் தைத்திருந்தார்கள். வியர்வையில் அது மரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. மரத்தைக் குடைந்தவர், கண்ணாடி ஒட்டியவர், துணி தைத்தவள் என்று ஒரு கிரீடத்தில் மூன்று பேரின் கைவேலை. அவர்களில் ஒருவரைக்கூட ஓவியர் என்றோ கலைஞர் என்றோ யாரும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தியதில்லை. உங்கள் சித்திர வகுப்புப் பிள்ளைகளை அந்த உடுப்பின் முன் இருத்தி வரையச் சொல்லுங்கள், பிறகு புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். சுவரில் மாட்டுவதற்கு வேண்டிய அளவு சேர்ந்துவிடும்.

மண்டபத்துக்குள் மேடை வேண்டுமென்றால் ஒரு சிறிய மேடை போடுங்கள், பட்டிமன்றத்துக்குத் தேவைப்படும். வளவை விட்டுவிடுங்கள். அங்கே மண்மேடு, அதற்கு நல்ல வெளிச்சம், பெண்களுக்குத் தனிக் கழிவறை, இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் கதவு. இவ்வளவுக்கும் ஒலிபெருக்கிக்கு ஒதுக்கிய பணமே போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வரைபடத்தை எனக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டாம், உங்கள் ஊரில் உயிரோடிருக்கும் அண்ணாவியாரிடம் காட்டுங்கள். அவரைக் குழுவில் சேருங்கள். ‘கௌரவ ஆலோசகர்’ என்று ஒரு பட்டம் கொடுத்து ஓரத்தில் இருத்தவேண்டாம். சாதாரண உறுப்பினராகச் சேர்த்து, எல்லோரிடமும் வாங்குகிற சந்தாவை அவரிடமும் வாங்குங்கள். அப்போதுதான் கூட்டத்தில் அவர் உங்களோடு சண்டை பிடிப்பார்.

அன்புடன்