ரசத்தில் கலந்த மாத்திரை

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ராஜபாளையத்தில் அம்மாவோடு இருக்கிறான். ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவன், இரண்டு வருடத்துக்கு முன்பு காதில் யாரோ பேசுகிறார்கள், என்னையே கவனிக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். டாக்டர் மனச்சிதைவு நோய் என்றார். மாத்திரையில் நன்றாகத் தேறினான். அப்புறம் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நிறுத்திவிட்டான். அம்மா அவனுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்து கொடுத்துவந்தார். போன மாதம் டம்ளர் அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அம்மா கையால் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. கடைப் பரோட்டா, பிஸ்கட், அவனே போட்டுக்கொள்ளும் ஆம்லெட்தான். தாய்மாமா, 'ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். மறுபடி மாத்திரை கொடுக்க என்ன வழி? கல்யாணம் செய்யலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: உங்கள் அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. காபி, ரசம், தோசை மாவு என்று எதில் கலந்தால் தெரியாது என என்னிடமே கேட்ட அம்மாக்கள் உண்டு. வேறு வழி தெரியாதபோது செய்வதுதான் இது.

ஆனால் தம்பியின் பக்கமிருந்து பாருங்கள். இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகங்களில் ஒன்று, 'என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்பது. மற்ற சந்தேகங்களுக்கு அவரிடம் ஆதாரம் கிடையாது. இதற்கு மட்டும் டம்ளர் அடியிலேயே கிடைத்துவிட்டது. அம்மா சாப்பாட்டை ஒதுக்குவதால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் பரோட்டாதான் வாங்கியிருப்பேன்.

மருந்தாகப் பார்த்தாலும் கலப்பது தொல்லைதான். பாதி ரசத்தை வைத்துவிட்டால் பாதி மாத்திரைதான் உள்ளே போகும். அது தெரியாத டாக்டர் டோஸைக் கூட்டுவார். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. எல்லாவற்றையும்விட, மாத்திரையால் கை நடுங்கினால் ஏன் நடுங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. என்னைக் கவனிக்கிறவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடுவார்.

அதனால் மாத்திரையைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டுச் சோற்றுத் தட்டைச் சரிசெய்யுங்கள். அம்மா ஒருமுறை நேராகச் சொல்லட்டும்: "நான்தான்டா கலந்தேன். பயத்துல செஞ்சேன். இனிமே கலக்க மாட்டேன்." 'உன் நல்லதுக்குத்தானே' என்ற வால் வேண்டாம், அதைச் சேர்த்தால் மன்னிப்பு போய்விடும், அறிவுரைதான் மிஞ்சும். சொன்னபிறகு ஒருநாள்கூட மீறக் கூடாது. சட்டியை நடுவில் வைத்து அவரே போட்டுக்கொள்ளட்டும், எல்லோரும் அதிலிருந்தே சாப்பிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போது "எனக்கும் ஒரு ஆம்லெட் போடுடா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

'எனக்கு நோய் இல்லை' என்று அவர் சொல்வது பெரும்பாலும் பிடிவாதம் அல்ல. தனக்கு நோய் இருப்பது தெரியாமல் போவதே இந்த நோயின் ஒரு கூறு. குரல் கேட்கவில்லை என்று வாதாடினால் தோற்பீர்கள். எனக்கும் கேட்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்குக் கேக்கல. ஆனா உனக்குக் கேக்குதுன்னா பயமாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். நோய் இல்லை என்பவர்கூட, ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்வார். "அதுக்காவது டாக்டரைப் பார்க்கலாமா" என்ற இடத்தில் கதவு திறக்கும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் இலவசம். நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் மாத்திரை என்றாலே எரிச்சல் வந்தால், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. தம்பி சம்மதித்தால் வீட்டில் தினசரிச் சண்டை மிச்சம்.

அக்கா என்பதால் உங்களுக்கு ஒரு விஷயம். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும், இந்த நோயிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அப்பா அம்மாவிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, அண்ணன் தம்பி, அக்கா தங்கை வீட்டுக்கோ தனி அறைக்கோ போனவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் காரணத்தைக் கண்டுபிடித்தன: ஓயாமல் குறைசொல்வதும் வெறுப்பும் மட்டுமல்ல, மூச்சுமுட்ட வைக்கும் அக்கறையும் நோயைத் திரும்ப அழைத்துவரும். அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடியது. உங்கள் அம்மாவும் தம்பியும் நாள் முழுக்க ஒரே வீட்டில் இருக்கிறார்கள்; 35 மணி நேரம் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். தம்பிக்கு இஷ்டமானால் மதுரைக்குப் பத்து நாள் அழைத்துவாருங்கள். அம்மாவுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும், அவரும் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

கல்யாணம் இப்போது வேண்டவே வேண்டாம். இந்த நோயோடு கல்யாணம் செய்து நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கெல்லாம் நோய் கட்டுக்குள் இருந்தது, பெண்ணுக்கும் விஷயம் தெரியும். மறைத்துச் செய்தால் நடப்பது வேறு. மனைவி பார்த்துவிடுவாளே என்று மாத்திரையை நிறுத்துவார்கள், சில மாதத்தில் நோய் திரும்பும், பழி அந்தப் பெண் தலையில் விழும். முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் செய்த கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்டு 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்பதையும் மாமாவிடம் சொல்லிவையுங்கள்.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, யாரையாவது அடிக்கச் சொல்லிக் குரல் கட்டளையிடுகிறது என்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், 108ஐக் கூப்பிடலாம். அவருக்குச் சம்மதமில்லாத நிலையிலும் சேர்த்துச் சிகிச்சை தர 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் வரையறுத்த வழி இருக்கிறது, டாக்டர் விளக்குவார். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அது உங்களுக்கும் அம்மாவுக்கும் கூடத்தான்.

மாமாவை நீங்கள் தனியாகச் சமாளிக்க முடியும் என்று தோன்றவில்லை. தம்பி சரியென்றால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட அழைத்துப்போங்கள். கால்கட்டுப் பேச்சை அங்கேயே, டாக்டர் எதிரிலேயே எடுக்கட்டும்.